ஊர்ப் பங்கும் அரசுப் பங்கும்: தோட்டத்தில் எழுதப்படாத கணக்கு

திருவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென ஆலய நிர்வாகத்தினர் கேட்டபோது, ஆலயத்தின் தோற்றத்தைப் பற்றியோ தேரோட்டத்தின் சிறப்பைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை எழுத என்னினும் தகுதியுடைய பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதத் துணிகிறேன். பொதுக்காரியத்திற்கு ஊர் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் போடும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு அது ஏன் கைகூடாமற் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே வலிமை உடையவர் அல்லர். இளைஞர் இழுக்கும் இழுப்பு வேறு. கூட்டத்தின் ஓரத்தில் நின்று வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மூதாட்டியின் கை வேறு. ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், இழுத்தவர் யார் எனக் கேட்டால் ஊர் இழுத்தது என்றே சொல்கிறோம். அரசு நிர்வாகத்தில் 'இணை மானியம்' என வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. நூறு வெள்ளி செலவாகும் வேலைக்கு ஊர் மக்கள் ஐம்பது வெள்ளி திரட்டிக் காட்டினால், எஞ்சிய ஐம்பதை அரசோ நகராண்மைக் கழகமோ வழங்கும். பங்கு பாதிக்குப் பாதியாக இருக்கலாம். மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம். கால்வாய், மண்டபம், விளையாட்டுத் திடல், பள்ளிக்கூடம் என எதற்கும் இது பொருந்தும்.

இம்முறையால் விளையும் நன்மைகள் இரண்டு. ஊருக்கு உண்மையில் எது தேவை என்பது அரசுக்கு எளிதில் விளங்கிவிடும். வேண்டாத வேலைக்கு எவரும் கைப்பணம் போடுவதில்லை. அடுத்து, தாம் பணமும் உழைப்பும் போட்ட பொருளை மக்கள் பாழாக விடமாட்டார்கள்.

கல்லில் வெட்டிய விதி

பொதுப்பணிக்குப் பங்கு போடுவதை விட, போட்ட பங்குக்குக் கணக்குக் காட்டுவதே கடினம். இதைத் தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கோயில் சுவரே சாட்சி. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தெரிவு செய்யும் விதிகளை அவை கூறுகின்றன. ஏரியைப் பேணுவதற்கு ஏரி வாரியம், தோட்டங்களைப் பேணுவதற்குத் தோட்ட வாரியம் என வாரியங்கள் தனித்தனியே அமைந்திருந்தன.

அவ்விதிகளுள் ஒன்று இன்றைய ஆலயச் செயலவையினரும் மனத்தில் இருத்த வேண்டியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர். அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். அந்தச் சபை அந்தணர் ஊர்ச் சபை என்பதையும், நிலமும் மனையும் உள்ளவருக்கே அதில் இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிலமற்ற உழைப்பாளிக்கு அங்கு ஓலை எழுதப்படவில்லை. ஆயினும், பொதுப் பணத்தைத் தொட்டவர் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும் எனும் நெறி கல்லில் நின்றது.

ஊர்ப் பங்குக்கு இன்னொரு பழைய பெயர் குடிமராமத்து. ஏரி, கண்மாய், வாய்க்கால் ஆகியவற்றின் சிறு பழுதுகளை ஊரார் தம் உழைப்பால் செப்பனிடும் வழக்கம் அது. பெரிய பழுது அரசன் பொறுப்பு. தூர் வாருவதும் கரை அணைப்பதும் குடிகள் பொறுப்பு. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது. விருப்பத்தால் நடந்ததைச் சட்டத்தால் நடத்த முயன்றால் அதன் உயிர் போய்விடும். மேலும், வாய்க்காலில் இறங்கி மண் வெட்டியவர் பெரும்பாலும் நிலமில்லா ஏழைகள். நீரால் பயன் அடைந்தவர் நிலமுடையோர். உழைப்பு ஒருவருடையது, பயன் வேறொருவருடையது எனும் நிலை வருமானால் அதை ஊர்ப் பங்கு எனச் சொல்வது பொருந்தாது. இந்தக் குறையை நாம் பிறகு தோட்டத்திலும் காணப் போகிறோம்.

ஆறு காசும் நான்கு காசும்

இந்திய விடுதலைக்குப் பின், ஊர்ப் பங்கும் அரசுப் பங்கும் இணைந்து பெரும்பயன் தந்தது கல்வித் துறையில். பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு சென்னை மாநிலப் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தார். 1950-களின் பிற்பகுதியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு ஆன 10 காசில், 6 காசை அரசு கொடுத்தது. 4 காசை ஊர் கொடுத்தது. நான்கு காசைப் பணமாகக் கொடுக்க இயலாத ஊர்கள் அரிசியாகவும் காய்கறியாகவும் விறகாகவும் கொடுத்தன.

அதை அடுத்து வந்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அதன் முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. பின்னர் மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் தொடர்ந்தன. ஒருவர் கரும்பலகை தந்தார். ஒருவர் மேசை நாற்காலி தந்தார். வசதி உள்ளவர் நிலமும் கட்டடமும் தந்தனர். ஊர் என்ன தந்தது என்பது பட்டியலிட்டு மேடையில் வாசிக்கப்பட்டது. கொடுத்தவர் பெயர் ஊர் அறியச் சொல்லப்பட்டதால் அடுத்த ஊருக்கும் கொடுக்கும் எண்ணம் பிறந்தது. ஆலயத்தில் உபயகாரர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோமே, அதே முறைதான்.

இதே கருத்து பின்னாளில் முறையான அரசுத் திட்டமாயிற்று. 1997-98-இல் தமிழக அரசு தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில், ஊரார் வேலைச் செலவில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு போட்டால் எஞ்சியதை அரசு போட்டது. இடையே நின்றும் தொடர்ந்தும் வந்த அத்திட்டம் 2021-இல் மீண்டும் உயிர் பெற்றபோது, ஊரகப் பகுதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என விதிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கே போதும் என்ற சலுகையும் உண்டு. இந்தச் சலுகையின் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே பங்கைக் கேட்டால், உள்ளவன் ஊருக்கே மானியம் போய்ச் சேரும். இல்லாதவன் ஊர் இருந்தபடியே இருக்கும். இணை மானியத்தின் பெருங்குறை இதுவே.

சியாட்டிலும் பினாங்கும்

இக்குறைக்கு வேறொரு வகையில் விடை கண்டது அமெரிக்காவின் சியாட்டில் நகரம். 1980-களின் இறுதியில் அந்நகராட்சி, குடியிருப்புப் பகுதிகளின் மேம்பாட்டுக்கென ஓர் இணை நிதியைத் தோற்றுவித்தது. அதை நடத்திய அலுவலகத்திற்கு ஜிம் டையர்ஸ் என்பவர் 1988 முதல் 2002 வரை தலைமை தாங்கினார். தொடக்கத்தில் அந்நிதி 150,000 டாலர். 2001-ஆம் ஆண்டளவில் அது 45 லட்சம் டாலராக உயர்ந்தது. பூங்காக்கள், சமூகத் தோட்டங்கள், சுவரோவியங்கள் எனப் பலவும் அதனால் உருவாயின.

நமக்கு வேண்டியது அங்குக் கையாளப்பட்ட கணக்கு முறை. மக்களின் பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்நகராட்சி சொல்லவில்லை. நன்கொடையாக வந்த பொருளுக்கும் விலை மதிப்பிட்டது. தொண்டர்களின் உழைப்பையும் மணிக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டது. பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் மண் சுமந்தால், அது ஐம்பது மணி நேர உழைப்பு. அதற்குரிய தொகை ஊரின் பங்காகப் பதிவாயிற்று. கையில் காசில்லாதவரும் பங்குதாரர் ஆனார். ஆனால் ஒரு நிபந்தனை: உழைத்தவர் பெயரும் நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத உழைப்புக்கு மதிப்பில்லை.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு கசானா நேஷனல் நிறுவனத்தின் ஆதரவில் 'திங்க் சிட்டி' எனும் அமைப்பு உருவாகி, பழங்கட்டடங்களைச் சீரமைக்க உரிமையாளரும் சங்கங்களும் ஒரு பங்கு போட, தான் ஒரு பங்கு போடும் மானியத் திட்டத்தை நடத்தியது. மானியம் பெற, கட்டடத்தின் மீதுள்ள உரிமைக்குச் சான்று வேண்டும். செலவுக் கணக்கு வேண்டும். ஊர்ப் பங்கு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அதைக் காட்டத் தாளும் இருக்க வேண்டும் என்பது இங்கும் விளங்குகிறது.

வேலிக்குள் இருந்த ஊர்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். சிலாங்கூரின் வட எல்லையில், பேராவைப் பிரிக்கும் பெர்ணம் ஆற்றுக்குத் தெற்கே, பழைய தலைநகர்ச் சாலையும் இரயில் பாதையும் ஓடும் வழியில் அமைந்தது கலும்பாங். கெர்லிங், கோலகுபு பாரு, ராசா, பத்தாங் காலி எனத் தெற்கே நீளும் இப்பாதையின் இரு மருங்கிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மேற்கே கோல சிலாங்கூர் வரையிலும் இதே காட்சிதான். தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் காடழித்துக் கன்று நட்டு, பால் மரம் சீவி, லயத்து வீடுகளில் குடியிருந்தனர். பிற்காலத்தில் இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது.

தோட்டம் என்பது ஓர் ஊர். ஆனால் வேலி போட்ட ஊர். வீடு, வேலை, மருந்தகம், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, கோயில் அனைத்தும் அதற்குள் அடங்கும். நிலம் மட்டும் அங்கு வாழ்ந்த எவருக்கும் சொந்தமில்லை.

அந்நாளைய அரசுப் பங்கு எப்படி வந்தது? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. அரசு, மாணவர் வருகையையும் தேர்ச்சியையும் கொண்டு தலைக்கு இவ்வளவு என உதவித்தொகை அளித்தது. சட்டத்தை நிறைவேற்றப் போதுமான அளவுக்குத்தான் பல பள்ளிகள் இருந்தன. கிராணியோ தண்டலோ ஓய்வு நேரத்தில் பாடம் நடத்திய கொட்டகைகளும் பள்ளி எனப் பெயர் பெற்றன. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளில், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் ஒன்றாக இருந்ததை நினைவில் கொள்க.

இன்னொரு நிதியும் இருந்தது. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. குடித்தவன் கொடுத்த காசு, நிர்வாகத்தின் கொடையைப் போலத் திரும்பி வந்தது. அது தொழிலாளரின் சொந்தப் பங்கு என்று எவரும் சொல்லவில்லை. தொழிலாளரும் அப்படி எண்ணவில்லை.

வேலிக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டன. 1952-ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டம் அத்தகைய ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் வரி விதிக்கும் உரிமையும் பெற வழி செய்தது. விடுதலைக்குப் பின் துன் அப்துல் ரசாக் தலைமையில் ஊரக மேம்பாட்டுப் பணிகள் முடுக்கிவிடப்பட்டன. கம்பத்து மக்கள் கோத்தோங் ரோயோங் முறையில் உழைப்பும் நிலமும் தர, அரசு பொருளுதவி தந்தது. ஆனால் தோட்டமோ தனியார் சொத்து. அதன் உள்சாலைக்கு மாவட்ட மன்றம் தார் போடாது. அதன் கால்வாயைத் தூர் வாராது. அது நகரமும் அன்று, அரசு வகுத்த பொருளில் கிராமமும் அன்று. கம்பத்துக்கு வந்த திட்டமும் நகரத்துக்கு வந்த திட்டமும் தோட்டத்தின் வேலி ஓரம் வந்து நின்றுவிட்டன.

ஊராட்சியில் மக்களின் குரல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆராய்ந்தவர் ஒரு தமிழரே என்பது நமக்குப் பெருமை. உள்ளூர்த் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்ட காலத்தில், உள்ளாட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்கு அதி நாகப்பன் தலைமை தாங்கினார். 1968-இல் நிறைவுற்ற அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. அதன்பின், ஊரார் தம் தேவையை மன்றத்திடம் எடுத்துச் சொல்லச் சங்கங்களும் ஆலயங்களும் பள்ளி வாரியங்களுமே வாயிலாக நின்றன. ஆலயச் செயலவை என்பது பூசைக்கு மட்டும் உரியது என நினைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

கணக்கு எழுதப்பட்ட இடத்தில் நம்மவர் என்ன சாதித்தனர் என்பதற்கும் சான்று உண்டு. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். ஒவ்வொரு வெள்ளிக்கும் இரசீது இருந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதே உழைப்பாளி, அதே பத்து வெள்ளி. கையில் இரசீது இருந்ததனால் அது நிலமாயிற்று.

எழுதாமல் போன பங்கு

இவ்வளவையும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் படித்தவன் நான். என் தந்தையார் பால் மரம் வெட்டியவர். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் கோயில் தலைவர் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். சம்பளம் வாங்கி வருவோர் அவரிடம் இரண்டு வெள்ளியோ மூன்று வெள்ளியோ கொடுத்துச் செல்வர். அவர் அதை ஒரு 555 குறிப்புப் புத்தகத்தில் பெயருக்கு நேரே குறித்துக்கொள்வார். அந்தப் பணத்தில்தான் திருவிழா நடந்தது. அந்தப் பணத்தில்தான் எங்கள் பள்ளிக்குச் சிற்றுண்டிச்சாலையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன்மார் ஆற்று மணலை அள்ளி வந்து கொட்டினர்; தாய்மார் பெரிய சட்டியில் சமைத்துப் போட்டனர். சிறுவர்களாகிய நாங்கள் செங்கல்லைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தோம். சிற்றுண்டிச்சாலை எழுந்தது. அதற்கு எவ்வளவு செலவாயிற்று என இன்று எவராலும் சொல்ல முடியாது.

பல ஆண்டுகள் கழித்து நான் அரசுப் பணியில் சேர்ந்து, வேறொரு மாவட்டத்தில் மானிய விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கீழ்நிலை அதிகாரியாக இருந்தேன். ஒரு நாள் தோட்டத்து ஆலயம் ஒன்றின் தலைவர், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், பேருந்தில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து என் மேசைக்கு வந்தார். மண்டபத்தின் கூரையை மாற்றவும் கால்வாய் கட்டவும் உதவி கேட்டு விண்ணப்பம். படிவத்தில் 'சமூகத்தின் பங்களிப்பு' என்ற இடத்தில் 'இல்லை' என எழுதப்பட்டிருந்தது.

"ஐயா, உங்கள் பங்கு ஒன்றுமே இல்லையா?" எனக் கேட்டேன்.

"நாங்கள் ஏழை ஜனங்கள் தம்பி. எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?" என்றார்.

அந்த மண்டபத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். "நாங்கள்தான்" என்றார். தரைக்குச் சிமெண்டு போட்டது யார், சுவர் எழுப்பியது யார் எனக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் அதே விடை வந்தது. இறந்துபோன தோழர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி, யார் எந்தத் தூணை நிறுத்தினார் என்பது வரை கூறினார். அத்தனையும் அவர் நினைவில் இருந்தது. தாளில் ஒன்றும் இல்லை. இரசீதுகள் உண்டா என்றேன். பழைய லயத்தை விட்டு மாறியபோது குறிப்புப் புத்தகங்கள் போய்விட்டன என்றார். நிலத்திற்குக் கடிதம் உண்டா என்றேன். "அந்தக் காலத்துத் துரை வாயால் சொன்னதுதான்" என்றார்.

விதிப்படி அந்த விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. குறைகளைப் பட்டியலிட்டு, திருத்தி மீண்டும் கொண்டு வருமாறு சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டு போனார். மீண்டும் வரவில்லை. நான் செய்தது விதிக்கு மாறானதன்று. ஆயினும், அவர் பக்கத்தில் அமர்ந்து, சொன்ன பெயர்களையாவது ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. 'இல்லை' என்று அவர் எழுதியது என் தந்தையாரின் பங்கையும் சேர்த்துத்தான் என்பது அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்கு உறைத்தது.

தோட்ட மக்கள் தம் பங்கைக் கொடுக்காமல் இருந்ததில்லை. அரசுக்கு முன்னரே கொடுத்தனர். அப்பங்கு கணக்கில் ஏறவில்லை. நிலம் தம்முடையது அன்று என்பதால், கட்டியதும் தம்முடையது ஆகவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்ததற்கும் நில உரிமை ஒரு பெருங்காரணம். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 என ஆகிவிட்டன. மூடிய ஒவ்வொரு பள்ளியிலும் எழுதப்படாத ஊர்ப் பங்கு புதைந்து கிடக்கிறது.

1990-களில் இந்த இழப்பு மேலும் விரைந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. உலு சிலாங்கூரில் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. புக்கிட் பெருந்தோங் போன்ற புதுநகரங்கள் எழுந்தன. லயங்களில் இருந்தோர் இடம் பெயர்ந்தனர். நம் மாவட்டத்தின் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் குரல் கொடுத்ததை நீங்கள் அறிவீர்கள். நிறுவனம் நிலம் தர, கூட்டரசு நிதி தர, வீடு கட்டும் ஏற்பாடு 2020-களில்தான் உருப்பெற்றது. அதிலும் ஒரு மூன்றாம் பங்கு உண்டு. தலைமுறை கடந்து அக்குடும்பங்கள் காட்டிய பொறுமையும், விடாமல் சேர்த்து வைத்த கடிதங்களும் அப்பங்காகும்.

இனிச் செய்யத் தக்கவை

உலு சிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021-இல் நகராண்மைக் கழகமாக உயர்வு பெற்றது. மானியம் வழங்கும் அமைப்புகள் மாநில அளவிலும் கூட்டரசு அளவிலும் உள்ளன. விதிகள் அவ்வப்போது மாறும். ஆனால் அவர்கள் கேட்கும் தாள்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே ஆலயங்களும் பள்ளி வாரியங்களும் குடியிருப்புச் சங்கங்களும் கீழ்க்காண்பவற்றை இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்வது நலம்.

முதலாவது, சங்கப் பதிவு. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்று, ஆண்டுக் கூட்டம் நடத்தி, ஆண்டறிக்கையைக் காலந்தவறாமல் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, நிலம். ஆலயம் நிற்கும் நிலம் யாருடையது என்பதை நில அலுவலகத்தில் அறிந்து, வாய்மொழி அனுமதியை எழுத்து வடிவில் பெற முயல வேண்டும். இது நீண்ட வேலை. ஒரு செயலவையின் காலத்தில் முடியாமலும் போகலாம். ஆயினும் தொடங்கிய கடிதத்தின் நகலை அடுத்த செயலவைக்குக் கையளிக்க வேண்டும்.

மூன்றாவது, பணக் கணக்கு. உண்டியல், உபயம், நன்கொடை அனைத்துக்கும் இரசீது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதியை மறவாதிருப்போம்.

நான்காவது, உழைப்புக் கணக்கு. இதைத்தான் நம்மவர் எப்போதும் விட்டுவிடுகின்றனர். கோத்தோங் ரோயோங் நடக்கும் ஒவ்வொரு நாளும், வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். சமையற்கட்டில் நின்ற தாய்மார்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். ஒருவர் தந்த மணலுக்கும் பலகைக்கும் அன்றைய விலையைக் குறித்து வைக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. எல்லோரிடமும் ஒரே அளவு பங்கைக் கேட்பது சமநீதி ஆகாது. இல்லாத ஊருக்குப் பங்கு குறைவாக இருக்க வேண்டும். உழைப்பும் பங்காக ஏற்கப்பட வேண்டும். இவ்விரண்டும் உலகில் நடந்துள்ளன என்பதை மேலே கண்டோம். கேட்பதற்கு நாணவேண்டியதில்லை.

நிறைவாக, ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இத்திருவிழாவின்போது ஒரு தடித்த பேரேட்டை வாங்கி, அம்மன் திருவடியில் வைத்து எடுத்து, அலுவலக மேசையில் வையுங்கள். திருவிழாவுக்கு வரும் முதியோரை அருகழைத்து, இந்த ஆலயத்திற்கு எவரெவர் என்ன செய்தார்கள் எனக் கேட்டு, அதன் முதற்பக்கங்களில் எழுதுங்கள். கல் சுமந்தவர், பந்தல் போட்டவர், சம்பள நாளில் இரண்டு வெள்ளி தந்தவர் என எவரையும் விட்டுவிட வேண்டாம். அப்பெயர்களால் நாளையே மானியம் வந்துவிடும் என நான் கூறவில்லை. ஆனால் அடுத்த முறை ஒரு படிவத்தில் 'சமூகத்தின் பங்களிப்பு' எனக் கேட்கும்போது, நம் பிள்ளைகள் அந்த இடத்தில் 'இல்லை' என எழுத மாட்டார்கள்.

அன்னையின் அருளால் ஊர் செழிக்க, உழைத்தவர் பெயர் நிலைக்க, அனைவர்க்கும் நலம் பெருக வேண்டுமெனப் பிரார்த்தித்து நிறைவு செய்கிறேன்.